கன்னத்துக்கு நேர்ந்துகொண்ட அலகு

ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியருக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடைக்காத வைத்தியம் தேவைப்பட்டால், அங்குள்ள டாக்டர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவருடைய பழைய இலாகா அதைப் பரிந்துரைத்து மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். இது விதி. விதிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாக்காவில் ஓர் அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு வாரம் என்பதை எத்தனை மாதம் வரை இழுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும், இழுத்தும் இருக்கிறேன்.

அந்த விதி எனக்கு உதவியிருக்க வேண்டும். உதவவில்லை. ஆனாலும் உயிரோடு, முழு நாக்கோடு, உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முருகனடியார்களே, அது எப்படி நடந்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் இப்படி ஒரு கட்டுரை என் கைக்கு வந்திருந்தால், "மிகைப்படுத்தல்" என்று ஓரத்தில் குறித்திருப்பேன்.

ஓய்வு பெற்ற வருஷம், 1950. இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண். சுண்ணாம்பு வெந்த புண் என்று நினைத்தேன். வெற்றிலை போடுகிறவனுக்கு அது சகஜம். ஆறவில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒரு துளி சதை எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு, புற்று என்றார். வெட்டி எடுத்தார். மறு வருஷக் கடைசியில் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் வெட்டினார்.

இரண்டாம் தடவை தையல் பிரித்த அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இனி வந்தால் வெட்டுவதற்கு உம் கன்னத்தில் சதை இல்லை. தாடை எலும்பில் பாதியும் நாக்கில் ஒரு பகுதியும் போகும். சிங்கப்பூரில் ரேடியம் வைக்கிறார்கள். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால்தான் அது."

அதாவது, வரும். எப்போது என்று தெரியாது. வந்தால் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

இந்த நோயோடு வாழ்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாக்கு நம் பேச்சைக் கேட்காது. பேசும்போது, சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, அது பாட்டுக்கு அந்தத் தழும்பைப் போய்த் தடவிக்கொண்டே இருக்கும். இன்று கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதா? நேற்று இப்படித்தான் இருந்ததா? நான் தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்குச் சிறுகதை எழுதுகிறவன். பத்திரிகை ஆசிரியர் ஒரு தொடர்கதை கேட்டு எழுதியிருந்தார். நேரமில்லை என்று பதில் போட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு என்ன நேரமில்லை? பாதியில் கதாநாயகியை ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு நான் போய்ச் சேர்ந்தால், அவளை வீட்டுக்குக் கூட்டிப் போக யார் இருக்கிறார்கள் என்ற பயம்தான். ஒரே இதழில் முடிகிற கதைகளை மட்டும் எழுதினேன். புதுக் குடைகூட வாங்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் என் மனைவி சிவகாமி எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தது வெளியே வந்தது. சாமி அலமாரியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"வேண்டுதல்ங்க. ரெண்டாவது வாட்டி உங்கள உள்ள கொண்டு போனப்ப முடிஞ்சேன்."

"என்ன வேண்டுதல்?"

"நீங்க பொழச்சு வந்தா, தைப்பூசத்துக்குக் கன்னத்துல அலகு குத்திக் காவடி எடுப்பீங்கன்னு."

"கன்னத்திலயா?"

"நோவு அங்கதான வந்துச்சு? வேற எங்க குத்துவாங்க?"

"என்னைக் கேக்காம என் கன்னத்த எழுதிக் கொடுக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? சம்பந்தப்பட்டவன் கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் செல்லாது."

"முருகனுக்கு உங்க ஆபீஸ் சட்டம்லாம் தெரியாதுங்க. பொழச்சீங்களா இல்லையா? அத சொல்லுங்க."

நான் பிழைத்திருந்தேன். அந்த ஒரு விவரத்தை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

எங்கள் மகள் பார்வதியை மலாக்காவுக்குப் பக்கத்தில் ஜாசினுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அங்கே கிராணி. அந்தத் தோட்டத்து முருகன் கோயிலுக்குத்தான் சிவகாமி நேர்ந்துகொண்டிருந்தாள். 1952 டிசம்பரில் அங்கே போய், கோயில் காரியங்களைப் பார்க்கிற மருதமுத்துக் கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நம்பிக்கை: விதிவிலக்கு கிடைக்கும்.

கங்காணி என் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அலகு வேணாங்கய்யா. டாக்டரு தச்ச எடத்துல நம்ம கை வெக்கக் கூடாது. பால் காவடி எடுங்க, போதும். ஆனா வெரதம் முழுசா இருக்கணும்."

"இருக்கேன். செர்காம் கடற்கரை மீன்காரனுக்கும் தைப்பூசம் வரைக்கும் ஓய்வு."

"வெத்தல பாக்கும் கூடாதுங்க."

என் கை மடியிலிருந்த வெற்றிலைச் செல்லப் பெட்டியை மூடியது. கூட வந்திருந்த பார்வதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, டாக்டர் பொகயிலைய மட்டும்தான் நிறுத்தச் சொன்னாரு, வெத்தல உத்தரவுல இல்லன்னு இனிமே சொல்ல முடியாதுலா!"

உண்மைதான். டாக்டர் புகையிலை என்றுதான் சொல்லியிருந்தார். உத்தரவில் சொல்லாததைச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே புகையிலையை விட்டுவிட்டு, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் வழக்கம்போல் தொடர்ந்துவந்தேன். டாக்டருக்கு வெற்றிலை போடும் வாய் எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரியாது. நாற்பது வருஷச் சிவப்பு. அதற்குள் என்ன இருந்தாலும் வெளியே தெரியாது.

மாலை போட்டு, மகள் வீட்டிலேயே தங்கி விரதத்தைத் தொடங்கினேன். வெற்றிலை இல்லாத முதல் வாரம் என் முகத்தில் யாரும் விழிக்கவில்லை. பிறகு பழகியது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு காலையில், பல் துலக்கிவிட்டு, பார்வதியின் கைக்கண்ணாடியை வெயிலுக்கு நேரே பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். சிவப்பு போய்விட்டிருந்தது. சின்னப் பிள்ளையின் வாய் மாதிரி இருந்தது. பழைய தழும்புக்குப் பின்னால், உள்தாடை ஓரத்தில், உளுந்து அளவுக்கு ஒரு புண். சுற்றிலும் வெளுப்பு.

நாக்கு அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. தழும்பை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். உளுந்து அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் போகாமல் கோயிலுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அதற்குப் பின்னாலேயே முள்வேலி. கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்த பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் வேலிக்குள்தான். அங்கே யாரும் இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். பொருள், பார்வை, பணிவான வேண்டுகோள் என்று எல்லாம் முறையாக இருக்கும். அன்று எதுவும் வரவில்லை. "முருகா, என் வாயை எனக்கு விட்டு வை" என்று மட்டும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, மனத்துக்குள் சொன்னேனா என்பது நினைவில்லை.

பதில் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் என்று எதிர்பார்க்கிறவனும் இல்லை நான். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

மலாக்காவுக்குப் போனேன். டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். சின்னதுதான், ரேடியத்துக்கு ஏற்றதுதான் என்றார். ஆனால் சிங்கப்பூர் வேறு அரசாங்கம். அவர் எழுத, என் பழைய இலாகா எழுத, கோலாலம்பூர் எழுத, சிங்கப்பூர் சம்மதிக்க வேண்டும். அவர் அன்றே எழுதினார். நானும் என் விண்ணப்பத்தை மூன்று பிரதியில் கொடுத்தேன். "பதில் வராவிட்டால் சும்மா இருக்க முடியாது. தைப்பூசம் கழிந்து இரண்டாவது வாரம் நானே வெட்டிவிடுகிறேன்" என்று நாள் குறித்தார். வெட்டுவது என்றால் தாடையும் நாக்கும்.

இரண்டு வாரம் ஓடியது. பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டல் வந்தால் கோப்பு மேசையிலிருந்து அலமாரிக்குப் போகும் என்பது தெரிந்தும் எழுதினேன். உளுந்து துவரம்பருப்பாகிவிட்டது.

சிவகாமியிடம் டாக்டர் சொன்னதை மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "பேச்சு கொறஞ்சா வீட்டுக்கு நல்லதுதான். கத எழுதுறதுக்கு நாக்கா வேணும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நெடுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. என்ன என்றேன். வெங்காயம் என்றாள். விரத வீட்டில் வெங்காயம் கிடையாது.

தைப்பூசம் வந்தது. அந்த வருஷம் ஊர்வலம் வேலிக்குள்ளேயேதான். கிணற்றடியில் காவடி கட்டி, லயங்களைச் சுற்றி, கோயிலுக்கு வர வேண்டும். தோட்டத்துக் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிராணி வீட்டாருக்கு முதல் விபூதி. மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மாப்பிள்ளையின் தயவில் எனக்கும் அது இரண்டு வருஷமாகக் கிடைத்துவந்தது. அன்று காவடியோடு நேரே முன்னால் போகப் பார்த்தேன். மருதமுத்துக் கங்காணி கையை நீட்டித் தடுத்தார்.

"கிராணி ஐயா வெறுங்கையோட வந்தா மொதல் மரியாத. காவடியோட வந்தா வரிசதானுங்க."

நின்றேன். எனக்கு முன்னால் பால்குடத்தோடு ஒரு புல்வெட்டுக்காரம்மா. பின்னால் லாரி டிரைவர். தலைக்கு மேலே வெயில். தோளில் காவடி அழுத்தியது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்கு யாரும் பரிந்துரைக் கடிதம் எழுதவில்லை. அவள் யார் வழியாகவும் வரவில்லை. நின்றாள், முறை வந்தது, பாலைக் கொடுத்தாள், கும்பிட்டாள், போனாள். அடுத்தது நான். என் காவடிப் பாலும் அதே கல்லின் மேல்தான் வழிந்தது. நெற்றியில் பட்ட விபூதியும் அதே விபூதிதான்.

அங்கே நின்றபோது, அடியார்களே, எனக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் மனத்துக்குள் புரட்டினேன். மலாயாவில் இருக்கிறவன் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வெளிநோயாளி வரிசையில் நிற்கக் கூடாது என்று எதிலும் இல்லை. முறைப்படி அனுப்பப்பட வேண்டும் என்பதற்கு மட்டுமே விதி இருந்தது. தானாகப் போவதற்கு விதியே இல்லை. இத்தனை வாரமும் இது என் புத்திக்கு எட்டவில்லை. கேட்ட இடத்திலேயே பதில் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

காவடியை இறக்கியதும் சிவகாமியிடம் சொன்னேன். "நாளைக்குச் சிங்கப்பூர் போறோம்."

"கடுதாசி வந்துருச்சா?"

"வரல."

"அப்பறம்?"

"வரிசையில நிக்கப் போறோம்."

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "வெயில்ல நின்னது ஒத்துக்கல போல."

மறுநாள் காலை ஊரடங்கு நேரம் முடிந்ததும் கிளம்பினோம். தோட்டத்து வாசலில் சோதனை. உணவுக் கட்டுப்பாடு நீங்கள் அறிந்ததுதான். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. காரம் பட்டால் என் வாய் எரியும் என்று சிவகாமி ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்திருந்தாள். வாசலில் நின்ற காவலர் முனியாண்டி, அதே தோட்டத்துப் பையன்தான், மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"இது என்னங்க சித்தி?"

"மருந்து."

"கஞ்சி வாசன அடிக்குதே!"

"சீக்காளிக்குக் கஞ்சிதான் மருந்து. இவரு மூஞ்சியப் பாரு. கம்யூனிஸ்டுக்குக் கஞ்சி கொண்டு போற மூஞ்சியா?"

"மூஞ்சிக்கெல்லாம் பெர்மிட் கெடையாதுங்க சித்தி. கார்ப்பரல் பாத்தா என் வேல போயிரும்."

கஞ்சியை அவனே வருத்தத்தோடு கால்வாயில் ஊற்றினான். அவன் செய்தது சரி. அவன் இடத்தில் நானும் ஊற்றியிருப்பேன். மூவார் ஆற்றைத் தாண்டிய பிறகு ஒரு சீனர் கடையில் வெறும் கஞ்சி கிடைத்தது. சிவகாமி அவனைத் திட்டிக்கொண்டே எனக்கு ஊட்டினாள். வழியெல்லாம் சாலைத் தடுப்புகள், அடையாளக் கார்டைக் காட்டு, இறங்கு, ஏறு. ஜொகூரைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சிவகாமியின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் தங்கினோம்.

மறுநாள் ஆஸ்பத்திரி வரிசை. முன்னால் ஒரு ரிக்‌ஷாக்காரர், பின்னால் ஒரு சீனக் கிழவி. என் முறை வந்தது. மேசையில் இருந்தவர் நம்மவர்தான்.

"மலாக்காவா? லெட்டர் குடுங்க."

"லெட்டர் இல்லீங்க."

"லெட்டர் இல்லாம எப்படிங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தீங்க?"

"பஸ்ஸில வந்தோம்" என்றாள் சிவகாமி.

அவர் சிரித்துவிட்டார். ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பிற்பகல் டாக்டர் என் வாயைப் பார்த்தார். "எப்படி இவ்வளவு சின்னதாகக் கண்டுபிடித்தீர்? வெற்றிலை போடுகிறவர்கள் எலுமிச்சம்பழம் அளவு ஆன பிறகுதான் வருகிறார்கள்" என்றார். விரதம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்த வாரமே படுக்கை கொடுத்தார்.

ரேடியத்தை எப்படி வைப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. மருந்தாகப் பூசுவார்கள் என்று நினைத்திருந்தேன். மயக்கம் தெளிந்தபோது என் இடது கன்னத்தில் ஊசிகள் குத்தியிருந்தன. ஒவ்வொரு ஊசிக்குள்ளும் ரேடியம். ஊசிக் காதுகளில் நூல் கட்டி, நூல் முனைகளைக் கன்னத்துக்கு வெளியே ஒட்டியிருந்தார்கள். சில நாள் அப்படியே இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அறைக்குள் வரக் கூடாது. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

சிவகாமி வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"என்னங்க," என்றாள், "அலகு குத்திட்டாங்களே!"

அங்கேயே நின்று, நர்ஸ்கள் பார்க்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். டாக்டர் உள்ளே வந்தபோது அந்த அம்மா என்ன சொன்னார் என்று விசாரித்தார். எனக்குப் பேச முடியாது. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, உங்கள் பக்தர்கள் எவ்வளவு நேரம் அலகைக் குத்தி வைத்திருப்பார்கள் என்று கேட்டார். ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று எழுதினேன். "அப்படியானால் நீர் எல்லோரையும் மிஞ்சிவிட்டீர்" என்றார்.

சிரிக்க முடியவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. மனைவி எனக்காகக் கொடுத்த வாக்கைச் செல்லாது என்று தள்ளியவன் நான். கங்காணி தள்ளுபடி கொடுத்தார். ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டியவர் தள்ளுபடி கொடுக்கவில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே, தமக்கேற்ற கையால், எனக்கு நன்மையாகவே வாங்கிக்கொண்டார்.

ஊசிகளை எடுத்த பிறகு வாய் வெந்து, பல வாரம் கஞ்சிதான். பிறகு ஆறியது. மலாக்கா டாக்டர் தாம் குறித்து வைத்திருந்த, கடந்துபோன நாளை அடித்துவிட்டு, யார் உத்தரவில் போனீர் என்று கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றேன். அவர் கோலாலம்பூர் என்று நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. கோலாலம்பூர்ப் பதில் இன்றுவரை வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கோப்பு இருக்கும் அலமாரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குணமாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். மூன்று தடவை வந்தது நாலாவது தடவையும் வரலாம். ஜூலையில் சிங்கப்பூர் போனபோது தழும்பில் ஒரு தடிப்பு இருக்கிறது என்று சதை எடுத்தார்கள். முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். முன்பு இப்படிக் காத்திருந்தால் சோறு இறங்காது, தூக்கம் வராது. இந்தத் தடவை பயம் இருந்தது. ஆனால் பயத்தோடு உட்கார்ந்து வேலையும் பார்க்க முடிந்தது. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதித் தொடர்கதையை ஒப்புக்கொண்டேன். முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகியை ரயிலில் ஏற்றிவிட்டேன். வெற்றிலைச் செல்லத்தைப் பார்வதி ஊசி நூல் வைக்க எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போய், வாயில் புண்ணோடு கிடப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வெற்றிலையை நிறுத்தி, வாயைக் கழுவி, வெளிச்சத்தில் பார் என்கிறேன். கடிதத்துக்குக் காத்திராதே, போய் நில் என்கிறேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நோயோ வேறு துன்பமோ இருக்கலாம். யாரைப் பிடித்தால் யார் சொல்லுவார் என்று அலைந்துகொண்டிருக்கலாம். தேவையான இடங்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது என் குலத்தொழில். ஆனால் முருகன் முன்னால் போகும்போது ஒன்றும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு வரி போதும். பிறகு அவன் காட்டுகிற வரிசையில் போய் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார், பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். முறை வரும்.

இந்தச் சாட்சியை எழுத வேண்டும் என்று சிவகாமி பங்குனியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்தில் ஆதாரம் கைக்கு வரட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். நேற்றுக் காலை அவள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் வந்தார். உறையை அவளே கிழித்து, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தை மேலும் கீழும் பார்த்து, "நல்லதா கெட்டதா, சீக்கிரம் சொல்லுங்க" என்று என் கையில் திணித்தாள். எடுத்த சதையில் புற்று இல்லை, தழும்புதான், அடுத்த வருஷம் வந்து காட்டவும் என்று இருந்தது. சத்தமாக, என் சொந்த நாக்கால், இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

பதில் கிடைத்த தேதி: விஜய வருஷம், ஆடிக் கிருத்திகை.